நாலு மணி நேரத் தூரம்

எங்கள் பக்கத்தில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார்கள். செஞ்சி எவ்வளவு தூரம் என்று கேட்டால் "முக்கா மணி நேரம்" என்பார்கள். பாண்டிச்சேரி ஒரு மணி நேரம், விழுப்புரமும் கிட்டத்தட்ட அதே. மகளுக்கு மஸ்கட் மாப்பிள்ளையைக் கொண்டுவந்த தரகரும் அப்படித்தான் சொன்னார். "மஸ்கட்டு என்னா டீச்சர், நாலு மணி நேரந்தான். இங்கருந்து சேலம் போற நேரம். காலைல ஏறனா மத்தியானம் சோத்துக்கு அங்க இருக்கலாம்."

நான் திண்டிவனத்தில் சமூக அறிவியல் டீச்சர். அன்று மாலை பள்ளிக்கூட அட்லஸை விரித்து, சென்னையில் ஒரு விரலும் மஸ்கட்டில் ஒரு விரலும் வைத்து நூலால் அளந்து பார்த்தேன். வான்வழியில் ஏறக்குறைய இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர் வந்தது. நாலு மணி நேரம் சரிதான். நூலைச் சுருட்டி வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னேன்.

அந்த நாலு மணி நேரத்தைக் கடக்க நான் பட்டதுதான் இந்தக் கட்டுரை. விமானத்தில் ஏறிய எல்லோரும் ஜன்னல் வழியே மேகம் பார்த்ததை எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, ஊரில் யார் வீட்டிலும் இதில் மறுபேச்சு கிடையாது. ஏழாம் மாதத்தில் சுகன்யாவை வரவழைத்து வளைகாப்பு போட்டு இங்கேயே வைத்துக்கொள்வது என்று பேச்சு. ஏழாம் மாதம் ஆடியில் விழுந்தது. என் வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர். ஆடியில் வேண்டாம் என்றார். ஆவணியில் எட்டாம் மாதம், இரட்டைப்படை ஆகாது என்றார். ஒன்பதாம் மாதத்துக்கு நாள் குறித்தார். குறித்த நாளில் பிள்ளைத்தாய்ச்சி பெட்டியோடு மஸ்கட் விமான நிலையத்துக்குப் போனாள். இத்தனை வாரம் தாண்டியவர்களை ஏற்றிக்கொள்ள முடியாது என்று கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பெண் தாய் வீட்டுக்கு வர முடியாவிட்டால் தாய் பெண்ணிடம் போக வேண்டியதுதானே. நல்ல வேளையாக எனக்கு பாஸ்போர்ட் இருந்தது. மாப்பிள்ளைக்குப் பாலைவனத்தின் நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை. போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் வீட்டுக்கு வருவார். அவர் இல்லாத நாளில் வலி கண்டால் அவளுக்குப் பக்கத்தில் யாரும் கிடையாது. அதற்கு முன்னால் நான் அங்கே இருந்தாக வேண்டும். எனக்கு வேறு எந்த யோசனையும் ஓடவில்லை.

வியாழக்கிழமை மூட்டை கட்டினேன். பிரசவ லேகியம், பூண்டு, பனைவெல்லம், சுக்கு, கேப்பை மாவு, வறுத்த மல்லாட்டை (வேர்க்கடலை), பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். பெட்டியைக் குளியலறை எடை மெஷின் மேல் ஏற்றி இறக்கி ஏற்றி இறக்கி இடுப்பு விட்டுப்போனது.

இன்னொரு பக்கம் வீட்டுக்காரர் அலைந்துகொண்டிருந்தார். நான் கிளம்ப வேண்டிய வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். முதலில் வடக்கே சென்னைக்குத்தானே போகிறேன், சூலம் எப்படிக் குத்தும் என்று கேட்டேன்.

"பிளேனு மேக்கதான போவுது," என்றார்.

அதற்குப் பரிகாரமாகப் பரஸ்தானம் வைத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கிளம்பும் நாள் நல்லதாக இல்லையென்றால், முந்தின நல்ல நேரத்திலேயே பயணம் போகிறவருடைய பொருள் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. கிளம்பும்போது அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஒரு மஞ்சள் துணி மூட்டையை எடுத்துப்போய் மேற்கே அடுத்த வீட்டு தனலட்சுமி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தார். வழக்கம்போல ஒரு பிடி அரிசியும் வெற்றிலை பாக்கும் என்று நினைத்தேன். எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் தனலட்சுமி அக்கா கேட்டுக்கு வந்து என்னை ஜாடையாகக் கூப்பிட்டாள். தலை கலைந்திருந்தது.

"டீச்சர், வெண்ணெய்நல்லூருல நாத்தனார் வூட்டுக்காரரு செத்துட்டாராம். இப்பதான் போன் வந்துச்சு. நான் மொத பஸ்ஸுக்கு ஓடறேன். நீ பாத்துப் போ. புள்ள நல்லபடியா பெத்து எடுக்கட்டும்."

சொல்லிவிட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். இதை நான் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. கிளம்புகிற நேரத்தில் எழவுச் செய்தி காதில் விழுந்தால் இந்த மனிதர் பயணத்தையே ஒத்திப்போடுவார். ஏற்கெனவே பெண்ணை இரண்டு மாதம் ஒத்திப்போட்டவர். வாயை மூடிக்கொண்டேன். அவர் ஜன்னல் வழியாக நாங்கள் பேசிக்கொண்டதைப் பார்த்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது.

வாயில் வெல்லம் போட்டு அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்டியைத் திணித்தார். காரில் ஏறினோம். அவரும் வழியனுப்ப வந்தார். குமார்தான் டிரைவர், எங்கள் தெருவுக்குப் பின் தெரு. ஓங்கூர் தாண்டும்போது சுகன்யா போனில் வந்தாள்.

"அம்மா, கீழ்வயிறு பிடிச்சிப் பிடிச்சி விடுது. ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணேன், வந்துடுங்கன்னாங்க. அவரு நாளானிக்குத்தான் வர முடியுமாம், அங்கருந்து அதுக்கு முன்ன வண்டி இல்லியாம்."

"தனியாவா போற?"

"மாடியில ஷாகிதா அக்கா இருக்காங்க. அவங்க கூட வராங்க. நீ எப்பம்மா வருவ?"

"நாலு மணி நேரந்தாண்டி. இதோ வந்துட்டேன்," என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது வாயில் வெல்லம் இன்னும் கரையவில்லை.

மதுராந்தகத்தில் இட்லி சாப்பிடலாம் என்றார். இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். குமார் ஒரு பொட்டலம் வாங்கிவந்து கொடுத்தான், பிரிக்கவே மனமில்லை. செங்கல்பட்டு தாண்டியதும் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சுங்கச்சாவடியில் யாருக்கோ எதுவோ சரியில்லை. வெள்ளரிக்காய் விற்கிற பெண் என் ஜன்னலைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் செருப்புக்குள் கால் விரல்களை மடக்கி மடக்கி உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் முன்சீட்டில் இருந்தவர் சாவகாசமாகத் திரும்பினார்.

"பரஸ்தானத்த எடுத்துக்கினியா?"

"அரிசியும் வெத்தலையும் எதுக்குங்க? அங்க அரிசி கெடைக்காதா?"

"அரிசியா? அதுலதான உன் பாஸ்போர்ட்டு இருக்குது."

குமார் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்துவிட்டான். கைப்பையைக் கொட்டினேன். பயணச்சீட்டு இருந்தது, விசாத் தாள் இருந்தது, கண்ணாடி இருந்தது. பாஸ்போர்ட் இருக்கும் ஜிப் அறை காலி.

"என்னாத்துக்குங்க அத எடுத்தீங்க?"

"போறவங்க கட்டாயம் எடுத்துக்கினு போற பொருள வைக்கணும்னு சாஸ்திரம். பாஸ்போர்ட்டு இல்லாம போவ முடியுமா? அதான் அத வச்சேன். காலைல நீ அந்தம்மாகிட்ட பேசிக்கினு இருந்தியே, வாங்கிக்கினன்னு நெனச்சேன்."

"அவங்க எழவுக்குப் போறேன்னு சொல்ல வந்தாங்க," என்றேன். சொன்ன பிறகுதான் இதையும் சொல்லிவிட்டோமே என்று தோன்றியது.

அவருக்கு முகம் செத்துப்போனது. "எழவா? பொறப்படும்போதா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"பொறப்பட்டிருக்கவே மாட்டமே."

கல்யாணமான நாளிலிருந்து நான் அவர்மேல் கைநீட்டியதில்லை. அன்று கை எழுந்தது. தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டேன். குமார் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான். "டீச்சர், சண்டைய அப்புறம் வச்சிக்கலாம். நான் வண்டியத் திருப்பறேன்."

தனலட்சுமி அக்காவுக்குப் போன் போட்டால் எடுத்தவர் யாரென்றே தெரியவில்லை. பின்னால் பறைமேளம். "சத்தமா பேசுங்க, கேக்கல" என்று யாரோ கத்திவிட்டு வைத்துவிட்டார்கள். பூட்டை உடைத்துவிடலாம் என்றேன். அடுத்தவர் வீட்டுப் பூட்டை, அதுவும் எழவுக்குப் போனவர்கள் பூட்டை உடைப்பதா என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். உடைத்தாலும் உள்ளே பீரோ இருக்கிறது, அதில்தான் வைத்திருப்பாள். அவளிடம் ஒரு கொத்தமல்லிக் கட்டைக் கொடுத்தாலும் பீரோவில் வைத்துப் பூட்டுகிற ரகம். திருவெண்ணெய்நல்லூருக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

வந்த வழியே போனோம். திண்டிவனத்தில் எங்கள் தெரு முனையைப் பார்த்துக்கொண்டே கடந்தோம். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி. விழுப்புரத்துக்கு வெளியே லாரிகள் வரிசை. அரசூரில் திரும்பினால் முன்னால் கரும்பு லோடு டிராக்டர் ஒன்று. அதற்கு வழிவிடத் தெரியாது, வழிவிட இடமும் இல்லை. குமார் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தான். டிராக்டர்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்து, "இன்னா அவசரம், பிளேனயா பிடிக்கப் போற?" என்றார். குமார் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் விமானம் கிளம்பும் நேரத்தில் நான் திருவெண்ணெய்நல்லூர் வயல்களுக்கு நடுவே இருந்தேன். சென்னையிலிருந்து வடக்கும் மேற்குமாகப் போக வேண்டியவள் தெற்கே வந்து நின்றேன். புவியியல் நடத்துகிற டீச்சருக்கு வந்த கதியைப் பாருங்கள்.

எழவு வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. தெருவே பந்தல் போட்டிருந்தது. இறங்கப் போனேன். வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பிரசவத்துக்குப் போறவ எழவு வூட்டுல கால வைக்கக் கூடாது. யாரையாச்சும் கூப்ட்டு சாவிய வாங்கிக்கினு வரச் சொல்லலாம்."

"என் பொண்ணு அங்க தனியா வலியில துடிச்சிக்கினு கெடக்கறா. நீங்க இங்க நின்னு கூடாது கூடாதுன்னு எண்ணிக்கினு இருங்க," என்று கையைத் தட்டிவிட்டு இறங்கிப் போனேன்.

எழவு வீட்டுக்குள் போய் நேராகச் சாவி கேட்டுவிட முடியாது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு அழுதுகொண்டிருந்தார்கள். போனவள் முதலில் உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அதுதான் மரியாதை. தனலட்சுமி அக்கா என்னைப் பார்த்ததும் விசும்பலை ஒரு வினாடி நிறுத்தினாள். நான் போய் அவள் முன்னால் உட்கார்ந்து கட்டிக்கொண்டேன். யாரென்றே தெரியாத மனிதருக்காக அழ வேண்டியிருக்கும் என்று பயந்தேன். அந்தக் கவலையே வேண்டாமல் போயிற்று. கழுத்தைக் கட்டியதும் எனக்குப் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. என் பெண்ணுக்காக நான் அழுதேன், அவள் தன் நாத்தனாருக்காக அழுதாள். இரண்டு அழுகைக்கும் வித்தியாசம் யாருக்கும் தெரிந்திருக்காது.

அவள் காதில் சொன்னேன். "அக்கா, அந்த மூட்டையிலதான் என் பாஸ்போர்ட்டு."

அவள் உரக்க ஒரு மூச்சு அழுதாள். "என்ன பெத்த ராசா, இப்பிடி விட்டுட்டுப் போனியே" என்று இழுத்துவிட்டு, அதே மூச்சில் குரலை இறக்கி, "அய்யய்யோ, மறந்தே பூட்டேன் டீச்சர். வாசச் சாவி என் இடுப்புல. பீரோ சாவி அரிசி டிரம்முல, உள்ள கைய வுடு" என்றாள். மறுபடி ஒரு இழுப்பு. மார்பில் அடித்துக்கொள்கிற சாக்கில் இடுப்பிலிருந்து சாவியை உருவி என் உள்ளங்கையில் அழுத்தினாள். "போய்ட்டு வர்றேன்னு சொல்லாத. எழுந்து போய்க்கினே இரு. புள்ள பொறந்ததும் எனக்குச் சொல்லு."

சொல்லாமல் எழுந்து வந்தேன். அன்று எனக்கு யாரும் அதைவிடப் பெரிய உதவி செய்யவில்லை.

திரும்பி வந்து, அவர் சொன்னபடியே தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அந்த ஒன்றில் நான் வாதாடவில்லை. அரிசி டிரம்முக்குள் தோள் வரை கையை விட்டுச் சாவி எடுத்து, பீரோ திறந்து, மஞ்சள் துணியை அவிழ்த்து பாஸ்போர்ட்டை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டேன். பிறகு அது என் உடம்பை விட்டு இறங்கவே இல்லை. மறுநாள் விமானத்தில் ஒரு இடம் இருந்தது.

சனிக்கிழமை. புரட்டாசிச் சனி. வழியெல்லாம் பெருமாள் கோயில்களில் கூட்டம். சூலம் எந்தப் பக்கம் என்று வீட்டுக்காரர் பார்த்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. மீனம்பாக்கத்தில் பெட்டியை இறக்கும்போது, "போன உடனே போன் பண்ணு" என்றார். நான் தலையாட்டவில்லை.

வலி காலையிலிருந்து கூடிவிட்டது என்று ஷாகிதா சொல்லியிருந்தாள். ஷாகிதாவுக்குக் கோட்டகுப்பம். கணவர் மஸ்கட்டில் துணிக்கடை வைத்திருக்கிறார். நான் முகம்கூடப் பார்த்ததில்லை. அவள்தான் என் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைத் தப்பாக மாட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அம்மா."

குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஏறிட்டேன்டி. உக்காந்துட்டேன். இனிமே ஒண்ணும் இல்ல."

"அம்மா, போன வைக்காத. பேசிக்கினே இரு. என்னா வேணாலும் பேசு."

என்ன பேசினேன் என்று நினைவில்லை. மல்லாட்டை வறுத்து எடுத்து வருவதைச் சொன்னேன். பிள்ளை பிறந்ததும் சொல்லச் சொல்லித் தனலட்சுமி அக்கா கேட்டதைச் சொன்னேன். விமானப் பணிப்பெண் வந்து போனை அணைக்கச் சொன்னாள். ஒரு நிமிடம் என்று விரலைக் காட்டினேன். இரண்டாவது தடவை வந்து இன்னும் பணிவாகச் சொன்னாள். மூன்றாவது தடவை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "வைக்கறேன்டி, நாலே மணி நேரம்," என்றேன். அந்தப் பக்கம் அவள் "அம்மா" என்று ஆரம்பித்தாள். அதற்குள் அணைத்துவிட்டேன்.

எதிர் சீட்டின் முதுகில் சின்னத் திரை. அதில் ஒரு குட்டி விமானமும் ஒரு வளைந்த கோடும். போக வேண்டிய தூரம், ஆகும் நேரம், உயரம், வெளியே உள்ள குளிர் எல்லாம் மாறி மாறி வந்தன. வகுப்பில் எத்தனை வருடம் இதைச் சொல்லித் தந்திருக்கிறேன், உருண்டையான பூமியில் இரண்டு ஊர்களுக்கு நடுவே மிகக் குறுகிய வழி இப்படி வளைந்துதான் தெரியும் என்று. அந்தக் குட்டி விமானம் அசையவே இல்லை. திண்டிவனம் பஸ் நிலையத்தில் கண்டக்டர் டீ குடித்து முடிக்கக் காத்திருக்கும் பஸ் இதைவிட வேகமாகப் போகும் என்று தோன்றியது. கீழே சுகன்யாவுக்கு என்ன நடக்கிறது? கேட்க வழியில்லை. நேற்று செங்கல்பட்டு நெரிசலில் நின்றபோதுகூடக் கையில் போன் இருந்தது.

பக்கத்தில் வெள்ளைத் தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பெரியவர். நான் திரையையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கவனித்திருக்கிறார்.

"முதல் தடவையாங்கம்மா?"

"ஆமாங்க. பொண்ணுக்குப் பிரசவம். வலி கண்டுடுச்சு."

"நீங்க எந்தப் பக்கம்?"

"திண்டிவனம்."

"அட, நான் கோட்டகுப்பந்தான். அனிபா. நம்ம பக்கத்துப் பேச்சக் கேட்டதும் நெனச்சேன்." அவரே தொடர்ந்தார். "நானும் வாலிபத்துலருந்து போய்க்கினு வந்துக்கினு இருக்கேன். எனக்கு மூணு புள்ளங்க. மூணும் பொறந்தப்ப நான் அங்கதான் இருந்தேன். வாப்பா மவுத்தானப்ப இதே மாதிரி பிளேனுக்குள்ள இருந்தேன். எறங்கி வூட்டுக்குப் போறதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிடுச்சு. எல்லாரும் நாலு மணி நேரம்னு சொல்றாங்கம்மா. கடிகாரத்தப் பாக்காதீங்க, பேஜாராயிடும். துஆ பண்ணுங்க, அவ்ளோதான்."

சாப்பாடு வந்தது. "புரட்டாசி, சைவம்" என்றேன். பணிப்பெண்ணுக்குப் புரட்டாசி புரியவில்லை. அனிபா பாய் ஆங்கிலத்தில் சொல்லி வாங்கித் தந்தார். காய்கறிப் புலவும் உறைந்துபோன ஒரு இனிப்பும். இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை. என் தயிரையும் அவரிடம் கொடுத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுத் தன் கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளி வைத்தார்.

நானும் தள்ளினேன். தீர்க்கரேகை பதினைந்து பாகைக்கு ஒரு மணி நேரம். தெரிந்த பாடம்தான். ஆனாலும் முட்களைத் திருப்பும்போது, அந்த ஒன்றரை மணி நேரம் நிஜமாகவே எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது போலவும், அதற்குள் ஓடிப் போய்விடலாம் போலவும் ஒரு கிறுக்குத்தனமான ஆசை வந்தது.

கடல் முடிந்து வறண்ட மலைகள் வந்தன. பச்சை என்று ஒரு புள்ளி இல்லை. நம் செஞ்சி மலைப் பாறைகளிலாவது இடுக்கில் ஒரு செடி இருக்கும். சக்கரம் தரையைத் தொட்டதும் போனை உயிர்ப்பித்தேன். கோடு கோடாக ஏதோ சுற்றியது, அது பாட்டுக்கு நின்றது. என் சிம் அங்கே வேலை செய்யவில்லை. இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, நல்ல நேரம் மட்டும்தான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தோன்றும். அனிபா பாய் கேட்காமலே தன் போனை நீட்டினார். என் விரல்கள் எண்ணைத் தப்புத் தப்பாக அழுத்தின. அவரே வாங்கி, நான் சொல்லச் சொல்ல அழுத்தினார்.

ஷாகிதா எடுத்தாள். "வந்துட்டீங்களாம்மா? பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. அல்லா காப்பாத்திட்டான்."

"எப்போ?" என்றேன்.

"கொஞ்ச முன்னதாம்மா. நீங்க மேல இருந்தீங்க."

எல்லோரும் எழுந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நேற்றைய விமானத்தில் வந்திருந்தால் நான் அங்கே இருந்திருப்பேன். அந்த எண்ணத்தை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். நீளமான வெள்ளை அங்கியும் பூவேலைத் தொப்பியும் போட்ட அதிகாரி லேகிய டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அனிபா பாய் அரபியில் ஏதோ சொன்னார். அதிகாரியின் முகம் மாறியது. "அவங்க வூட்ல புள்ள பெத்தவங்களுக்கு வெந்தயம் கொடுப்பாங்களாம். அவரு சம்சாரம் அத முகத்தச் சுளிச்சிக்கினுதான் குடிப்பாங்களாம்," என்று பாய் மொழிபெயர்த்தார். அதிகாரி டப்பாவை மூடித் துடைத்து என் கையில் கொடுத்து, "மப்ரூக்" என்றார். வாழ்த்து என்று அர்த்தமாம். அவருக்கு ஒரு கும்பிடு போட்டேன். பாய் என்னை டாக்ஸியில் ஏற்றி ஓட்டுநரிடம் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி, "ஜல்தி போங்க" என்பதை எந்த மொழியிலோ சொல்லி அனுப்பினார்.

சாலை கண்ணாடி மாதிரி இருந்தது. பள்ளமில்லை, மாடு இல்லை, ஒரு ஹாரன் சத்தமில்லை. எனக்கு அதுவே எரிச்சலாக இருந்தது. யாராவது ஹாரன் அடித்து முந்திப் போனால் தேவலை என்றிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெண் என் முகத்தைப் பார்த்ததுமே ஓடி வந்தாள். ஷாகிதாதான். கசங்கிய துப்பட்டா, சிவந்த கண்கள். என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவள் மணிக்கட்டில் நகம் பதிந்த தடங்கள் வரிசையாக இருந்தன. சுகன்யாவின் நகங்கள். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். "என்னாம்மா இது" என்று கூச்சத்தோடு இழுத்துக்கொண்டாள்.

சுகன்யா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டதும் திரும்பினாள். உதடு வெடித்திருந்தது.

"வந்துட்டியா," என்றாள். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நான் அவள் நெற்றி முடியை ஒதுக்கினேன். பாஸ்போர்ட் கதையைச் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே நிறுத்தினேன். குழந்தை பக்கத்துத் தொட்டிலில் வாயைக் குவித்துத் தூங்கியது. அப்படியே தாத்தாவின் மூக்கு.

ஷாகிதாவின் போனில் வீடியோ அழைப்பு வந்தது. வீட்டுக்காரர். அவர் முகம் திரைக்கு மிக அருகில், கண்ணாடியும் நெற்றியும் மட்டும் தெரிந்தன. பேத்தியைக் காட்டினேன். "மகாலச்சுமி," என்றார். உடனே கேட்டார்.

"பொறந்த நேரம் கரெக்டா என்னா? நம்ம ஊரு டைம் சொல்லாத, அந்த ஊரு டைம் சொல்லு. ஜாதகத்துக்கு அங்கத்து நேரந்தான் வைக்கணுமாம். ஒரு நிமிசம் மாறனாலும் லக்னம் மாறிப் பூடும்."

என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது. அதற்குள் சுகன்யா கையை நீட்டிப் போனை வாங்கினாள். படுத்தபடியே முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நேரம் தெரியாதுப்பா," என்றாள், ஒரு பதற்றமும் இல்லாமல். "அந்த நேரத்துல நான் அம்மாவக் கூப்ட்டுக்கினு இருந்தேன். கடிகாரத்தப் பாக்கல."

திரையில் அவர் அப்படியே இருந்தார். படம் நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். நிற்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். துண்டு இறங்கவே இல்லை.

சுகன்யா போனை என்னிடம் நீட்டினாள். நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து குழந்தையைத் தூக்கினேன்.